ஆல்பட்ராஸின் செலவுக் கணக்கு

தெற்கு இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே க்ரோசே தீவுக்கூட்டம் இருக்கிறது. பிரான்சுக்குச் சொந்தமான இடம். மேலைக்காற்று அங்கே வருடம் முழுக்க ஓய்வதில்லை. அந்தத் தீவுகளில் கூடு கட்டும் வாண்டரிங் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தி, அவை எங்கே போய் வருகின்றன என்பதை ஜுவென்டின், வைமர்ஸ்கிர்ச் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்டார்கள். ஜோடியில் ஒன்று முட்டையின் மேல் உட்கார்ந்திருக்க, இன்னொன்று இரை தேடிப் போகிற ஒரே பயணத்தின் நீளம் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர். ஒரு நாளில் அதிகபட்சம் 900 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை.

பத்து கிலோ எடையுள்ள பறவை இந்தத் தூரத்தை இறக்கை அடித்துக் கடப்பது நடக்காத காரியம். அதற்கான தசை உடம்பில் இல்லை. இருந்தாலும் அதற்குத் தீனி போட்டு மாளாது. அப்படியென்றால் செலவு எங்கே போகிறது? பின்னாளில் வைமர்ஸ்கிர்ச்சும் கூட்டாளிகளும் ஆண் ஆல்பட்ராஸ்களுக்கு இதயத்துடிப்பைப் பதியும் கருவிகளை மாட்டிப் பார்த்தார்கள். பின்காற்றோ பக்கக்காற்றோ கிடைத்து வேகமாகப் போகும்போது, தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் செலவாகிறது. எதிர்காற்று கூடக்கூடத் துடிப்பும் கூடுகிறது. எல்லாவற்றையும்விடத் துடிப்பு எகிறுவது இரண்டே நேரங்களில்: தண்ணீரிலிருந்து எழும்போதும், தண்ணீரில் இறங்கும்போதும். கடற்பறவை என்றதும் எல்லோரும் தூரத்தைச் சொல்லி வியக்கிறார்கள். பறவைக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. அதன் பட்ஜெட் கரைவது ஒவ்வொரு முறை வயிறு தண்ணீரில் படும்போதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் கடற்பறவைகளின் விசித்திரமான பழக்கங்கள் பலவற்றுக்குக் காரணம் புரிந்துவிடும்.

முதலில் அந்தச் செலவில்லாத பறத்தல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 1883-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு ஒரு தெளிவான வாதத்தை வைத்தார். இறக்கை அடிக்காமல் ஒரு பறவை தொடர்ந்து பறக்கிறது என்றால் மூன்றில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும். ஒன்று, அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு, காற்று மேல்நோக்கி வீசுகிறது. மூன்று, காற்று எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இல்லை. மலைச்சரிவில் வட்டமிடும் கழுகுக்கு இரண்டாவது பொருந்தும். ஆல்பட்ராஸின் பிழைப்பு பெரும்பாலும் மூன்றாவதை நம்பியது.

கடல்மட்டத்தை ஒட்டிய காற்று தண்ணீரோடு உரசி வேகம் இழக்கிறது. பத்து மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு மீட்டர் உயரத்துக்கு வரும்போது ஏறக்குறைய 8 ஆகிவிடும். இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், காற்று வரும் திசையை அலை மறைத்து நின்றால், அங்கே கிட்டத்தட்டக் காற்றே இருக்காது. மேலே வேகமான அடுக்கு, கீழே மந்தமான அடுக்கு. பறவை இந்த இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்வருகிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். இங்கே இரண்டு வேகங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்: கடலைச் சார்ந்த வேகம், சுற்றியுள்ள காற்றைச் சார்ந்த வேகம். இறக்கைக்குத் தெரிவது இரண்டாவது மட்டும்தான். அலைப்பள்ளத்தில் காற்று இல்லை. பறவை வினாடிக்கு 15 மீட்டரில் போகிறது. மேலே வினாடிக்கு 7 மீட்டர் காற்று. பறவை காற்றை எதிர்த்து முகத்தைத் திருப்பி மேல் அடுக்குக்குள் ஏறுகிறது. கடலைச் சார்ந்து இன்னும் 15தான். ஆனால் எதிரே 7 வருவதால் இறக்கைக்கு அது 22. இப்போது மேலேயே அரைவட்டம் திரும்பிக் காற்று போகும் திசையில் முகத்தை வைக்கிறது. காற்றைச் சார்ந்து 22 அப்படியே இருக்க, கடலைச் சார்ந்த வேகம் 22-ம் 7-ம் சேர்ந்து 29 ஆகிறது. அந்த 29-ஓடு கீழே காற்றில்லாத பள்ளத்துக்குள் பாய்கிறது. அங்கே காற்று இல்லாததால் இறக்கைக்கும் 29. பதினைந்தில் தொடங்கியது ஒரு சுற்றில் இருபத்தொன்பதுக்கு வந்துவிட்டது. காற்றின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு லாபம்.

நிஜத்தில் லாபம் இவ்வளவு வராது. மேலே ஏறும்போது குறைந்த வேகம் இறங்கும்போது திரும்பிவிடும், அது கொடுத்து வாங்கும் கணக்கு. ஆனால் காற்றின் உராய்வும், திரும்பும்போது சாய்வதால் கூடும் இழுவையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. கிடைக்கும் லாபம் அந்த இழப்பை ஈடுகட்டினால் போதும், பறவை முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து வினாடி. உயரம் பத்து பதினைந்து மீட்டர். கீழ்வளைவில் இறக்கை நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும். அது அழகுக்காகச் செய்வதல்ல. மந்தமான காற்று கிடைப்பதே அந்தக் கடைசி ஒரு மீட்டரில்தான். அங்கே இறங்காத பறவைக்கு லாபத்தில் பெரும்பங்கு போய்விடும்.

இந்தப் பறத்தலுக்கு டைனமிக் சோரிங் என்று பெயர். இதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஜெர்மன் பொறியியலாளர் காட்ஃப்ரீட் சாக்ஸ் கணக்கிட்டது வினாடிக்கு 8.6 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 31 கிலோமீட்டர். தெற்குப் பெருங்கடலில் இது சாதாரணக் காற்று. உயரத்தோடு சீராகக் கூடும் காற்றுதான் எல்லாவற்றையும் செய்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. அலைமுகட்டுக்குப் பின்புறமுள்ள மந்தமான குமிழிலிருந்து பறவை சட்டென்று வெளியே வரும்போது கிடைக்கும் ஒரே உதைதான் முக்கியம் என்று வாதிட்டவர் பறவைகளின் பறத்தலை ஆராய்ந்த காலின் பென்னிகுயிக். அலைகள் உயர்ந்த கடலில் பறவை செய்வதை நிதானமாகப் பார்த்தால் பென்னிகுயிக் சொன்னதில் நியாயம் தெரிகிறது. அது சீரான படிக்கட்டில் ஏறுவதில்லை. முகட்டைத் தாண்டும் நொடியில் எகிறுகிறது. காற்று குறைந்து நீளமான அலை மட்டும் உருளும் நாளில் பறவை வேறு வழிக்கு மாறும். நகரும் அலை தனக்கு முன்னாலுள்ள காற்றை மேலே தள்ளுமே, அந்த மெல்லிய ஏற்றத்தின் மேல் முகட்டோடு சேர்ந்து ஓடும். வேகம் குறைவுதான், ஆனாலும் இறக்கை அடிக்க வேண்டாம்.

உடம்பும் இதற்கென்றே அமைந்தது. விரித்த இறக்கை மூன்று மீட்டருக்கு மேல், பெரிய ஆண்களில் மூன்றரை வரை. அகலமோ இருபது சென்டிமீட்டர் சொச்சம். தோளில் ஒரு தசைநார்த் தகடு இருக்கிறது. இறக்கையை முழுக்க விரித்ததும் அது கிடைமட்டத்துக்கு மேலே தூக்கிக்கொள்ளாமல் இந்தத் தகடு தடுத்து நிறுத்திவிடும். நாள் முழுக்க இறக்கையை விரித்தபடி வைத்திருக்கத் தசை உழைக்க வேண்டியதில்லை. எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 14 கிலோ வரும். இது அதிகம். அதிகமாக இருப்பதால் வேகமாகப் பறந்தாக வேண்டும், வேகமாகப் பறப்பதால் எதிர்காற்றையும் கிழித்துக்கொண்டு போகலாம். அதே எண்தான் எழும்போது வில்லங்கம்.

எந்தத் திசையில் போவது என்பதும் இங்கிருந்துதான் வருகிறது. பக்கவாட்டில், சற்றே காற்று போகும் பக்கம் சாய்ந்து பறப்பதுதான் ஆல்பட்ராஸுக்கு மிகச் சுகமான பாதை. நேர் எதிர்காற்றில் பாய்மரப் படகு மாதிரி வலமும் இடமும் மாறி மாறி வெட்டித்தான் முன்னேற முடியும். ஆகவே க்ரோசேயிலிருந்து ஓரிடத்துக்குப் போய் அதே கோட்டில் திரும்பி வருவது முட்டாள்தனம். வடக்கே போகும் பறவைகள் இடஞ்சுழியாகவும், தெற்கே போகும் பறவைகள் வலஞ்சுழியாகவும் ஒரு பெரிய வளையம் போட்டு வீடு திரும்புகின்றன. மேற்கிலிருந்து கிழக்காக நகரும் தாழ்வழுத்த, உயரழுத்த மண்டலங்களில் எந்தப் பக்கம் எப்படிக் காற்றடிக்கும் என்பதோடு இந்த வளையங்கள் பொருந்துகின்றன. வரைபடத்தில் சுற்றுவழியாகத் தெரிவது சக்திக் கணக்கில் குறுக்குவழி. கூடு கட்டும் பொறுப்பு இல்லாத காலத்தில் சில இனங்கள் காற்றோடு கிழக்கே போய்க்கொண்டே இருந்து உலகையே சுற்றிவிடும். சாம்பல்தலை ஆல்பட்ராஸ் ஒன்று 46 நாளில் சுற்றி முடித்தது பதிவாகியிருக்கிறது.

இந்தத் தகவல்களை எடுக்கும் முறையிலும் ஒரு நேர்த்தியான தந்திரம் உண்டு. ஜிபிஎஸ் கருவிக்குத் தெரிவது கடலைச் சார்ந்த வேகம் மட்டும். நடுக்கடலில் காற்றை அளக்க யாரும் இல்லை. ஆனால் பறவை சில வினாடிக்கு ஒருமுறை திசையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடப் பாதையை எடுத்து, எந்தத் திசையில் எந்த வேகம் என்று புள்ளி வைத்தால் ஒரு சைன் வளைவு கிடைக்கும். வேகம் உச்சத்தில் இருக்கும் திசையே காற்று போகும் திசை. உச்சம் 22, அடிமட்டம் 8 என்றால், நடுவிலுள்ள 15 பறவையின் சொந்த வேகம், மேலும் கீழும் ஆடும் 7 காற்றின் வேகம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-ல் இந்த முறையை ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் பாதைகளிலும் ஆல்பட்ராஸ் பாதைகளிலும் பயன்படுத்திக் காட்டினார்கள். பறவை நேர்கோட்டில் போனால் இந்தக் கணக்கு படுத்துவிடும். எல்லாத் திசையிலும் புள்ளிகள் வேண்டும்.

இனிச் செலவுப் பக்கம். ஆல்பட்ராஸ் எழுவதற்குக் காற்றை நோக்கி முகத்தைத் திருப்பி, இறக்கையை விரித்து, சவ்வுப் பாதங்களால் தண்ணீர்மேல் ஓடும். காற்று வினாடிக்கு 10 மீட்டர் அடித்தால், ஓடத் தொடங்கும் முன்பே இறக்கைக்கு 10 கிடைத்துவிட்டது. மீதியைத்தான் கால் சம்பாதிக்க வேண்டும். காற்று செத்துப்போன கடலில் முழு வேகத்தையும் காலும் இறக்கையடியும்தான் தர வேண்டும். காற்றும் அலையும் இரண்டுமே அடங்கியிருக்கும்போதுதான் எழும்பப் படும்பாடு மிகவும் கூடுகிறது என்று 2023-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டில் ஒன்று பலமாக இருந்தாலே சமாளித்துவிடுகிறது. அலைமுகட்டில் நின்று கிளம்பினால் அங்கே காற்றும் கூடுதல், சரிந்து வேகமெடுக்க எதிரே பள்ளமும் இருக்கிறது. அமைதியான நாளில் ஆல்பட்ராஸ் கூட்டமாகத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாது. காற்று வரட்டும் என்று காத்திருக்கிறது. பூமத்தியரேகையை ஒட்டிய காற்றற்ற மண்டலத்தை இந்தப் பறவைகள் தாண்டி வராததற்கும் இதுவே பெரிய காரணம்.

முழுப் பயணத்தில் செலவான சக்தியை அளந்து பார்த்த ஆய்வும் இதையே சொல்கிறது. எத்தனை கிலோமீட்டர் போனது என்பதைவிட எத்தனை முறை இறங்கி ஏறியது என்பதோடுதான் செலவு ஒத்துப்போகிறது. வயிறு நிறையக் கணவாய் தின்ற பறவைக்கு அடுத்த எழும்பல் இன்னும் கடினம்.

ஒவ்வொரு இறக்கமும் காசு என்றால், இறங்கும் முன்பே அங்கே இரை உண்டா என்று தெரிய வேண்டும். இதற்கும் காற்றுதான் கை கொடுக்கிறது. செத்த கணவாயோ மீனோ மிதந்தால் அதன் வாடை காற்றோடு கீழ்த்திசையில் ஒரு நீண்ட, கிழிந்த பட்டையாக விரியும். காற்றுக்குக் குறுக்கே பறக்கிற பறவை அப்படிப்பட்ட பட்டைகளை அதிக எண்ணிக்கையில் வெட்டிக்கொண்டு போகும். பறப்பதற்கு மலிவான திசையும் மோப்பத்துக்குத் தோதான திசையும் ஒன்றாக இருப்பதை என்னவென்று சொல்வது! வாடை பட்டதும் பாதை மாறும். காற்றை எதிர்த்து, வலமும் இடமுமாக வெட்டி வெட்டி, வாடையைத் தவறவிட்டால் திரும்பப் பிடித்து, மூலத்தை நோக்கி நெருங்கும். கேப்ரியல் நெவிட்டும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பறந்துகொண்டிருக்கும்போது கண்டுபிடித்த இரையில் ஏறத்தாழப் பாதியை மோப்பம் வழிநடத்தியிருக்கிறது. பாதை திரும்பிய இடத்திலிருந்து இரை 20 கிலோமீட்டர் தள்ளியிருந்ததும் உண்டு. கண்ணால் அந்தத் தூரத்தில் ஒரு செத்த கணவாயைப் பார்ப்பது நடக்காது.

சின்னப் பறவைகளின் கணக்கு வேறு. வில்சன் புயல் பெட்ரல் நாற்பது கிராம் சொச்சம் எடையுள்ளது. அண்டார்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, நம் பக்கத்தில் கச்சான் என்ற தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அரபிக்கடலுக்கும் இலங்கைக் கடலுக்கும் வந்துவிடும். இது அலைகளுக்கு மேலே இறக்கையை விரித்து, காற்றை நோக்கி நின்று, இரண்டு கால்களையும் தண்ணீரில் ஊன்றித் தத்தித் தத்தி நடப்பதுபோலத் தெரியும். அந்தக் கால் நங்கூர வேலை செய்கிறது. தண்ணீரின் இழுவை பறவையைக் காற்றோடு போகவிடாமல் பிடித்துக்கொள்ள, அடிக்கும் காற்று விரித்த இறக்கையைத் தூக்கி நிறுத்தும். பட்டம் பறக்க நூல் வேண்டும் என்பதே இங்கேயும் நியதி. உட்காராமல், எழாமல், அலகை மட்டும் நீட்டிக் கொத்திக்கொண்டே போகலாம்.

ஃபிரிகேட் பறவை மறுகோடி. இறகில் தண்ணீர் ஒட்டாத தன்மை போதாது, ஆகையால் கடலில் உட்காரவே முடியாது. ஒன்றரை கிலோ உடம்புக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை. சதுர மீட்டருக்கு நாலு கிலோகூட வராது. பலத்த காற்றின் அடுக்குகளை நம்பாமல், வணிகக்காற்று மண்டலத்தின் மேகங்களுக்குக் கீழே எழும் வெப்பக்காற்றில் ஏறி, சரிந்து, மறுபடி ஏறிப் போகிறது. மொசாம்பிக் கால்வாயிலுள்ள யூரோப்பா தீவின் பறவைகள் மேகத்துக்குள்ளேயே புகுந்து நாலாயிரம் மீட்டர் வரை ஏறுவதும், இளம் பறவைகள் இரண்டு மாதம்வரை தரையில் படாமல் பறப்பதும் 2016-ல் தெரியவந்தது.

புயல் வந்தால்? மடெய்ராவுக்கு அருகிலுள்ள பூஜியோ தீவில் முட்டையிடும் டெசர்ட்டாஸ் பெட்ரல்கள் அட்லாண்டிக்கில் 12,000 கிலோமீட்டர் வரை நீளும் வளையப் பயணம் போகின்றன. சூறாவளி பாதையில் வந்தால் ஓடி ஒளிவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பறவைகள் சூறாவளியின் பின்னாலேயே நாட்கணக்கில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போயிருக்கின்றன என்று 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சூறாவளி கடலைக் கலக்கிவிட்டுப் போன தடத்தில் மேல்நீர் குளிர்ந்து, பச்சையம் கூடுகிறது. வழக்கமாக இரவில் மட்டும் மேலே வரும் ஆழ்கடல் சிறுமீனும் கணவாயும் அங்கே எளிதாக அகப்படும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நியாயமான ஊகம்தான், ஆனால் அந்தத் தடத்தில் பறவை தின்றதை நேரில் பார்த்தவர் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜப்பானின் அவாஷிமா தீவு ஷியர்வாட்டர்களுக்குப் பிரச்சினையே வேறு: கரை. பதினோரு வருடப் பாதைகளை அலசியதில், சூறாவளிக்கும் ஜப்பான் நிலப்பரப்புக்கும் இடையே மாட்டிக்கொண்ட பறவைகளில் சில நேராகப் புயலின் கண்ணை நோக்கிப் போயின. 30 கிலோமீட்டர் நெருக்கத்துக்கு வந்து, எட்டு மணிநேரம்வரை அதோடு நகர்ந்தன. கரைக்குத் தள்ளும் காற்றில் அகப்பட்டால் நிலத்தில் மோதலாம், விழுந்தால் எழ முடியாது, காகத்துக்கோ நரிக்கோ இரை. கடலுக்கு மேலே எவ்வளவு பலமான காற்றும் அதைவிடத் தேவலை. ஆனால் விரிந்த கடலில் இடம் இருந்த பறவைகள் புயலைச் சுற்றிக்கொண்டு போயின. ஆகவே "புயலைத் தேடிப் போகும் பறவை" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது தவறு.

இறங்குவதும் காற்று மிஞ்சினால் கெடும். வேல்ஸின் ஸ்கோமர் தீவில் செங்குத்துப் பாறை விளிம்புகளில் கூடு வைக்கும் கில்லிமாட்கள், காற்று பலத்த நாளில் விளிம்பைத் தொட முடியாமல் மறுபடி மறுபடி சுற்றி வருகின்றன. பாறையில் மோதித் திரும்பும் காற்றின் சுழல் அவற்றின் கட்டுப்பாட்டைப் பறித்துவிடுகிறது.

க்ரோசேயில் மேலைக்காற்று சில பத்தாண்டுகளில் பலமாகி, தெற்கே நகர்ந்திருக்கிறது. அதன் விளைவை வைமர்ஸ்கிர்ச் குழு 2012-ல் வெளியிட்டது: ஆல்பட்ராஸ் வேகமாகப் போய் வருகிறது, பயணம் சில நாள் குறைந்திருக்கிறது, குஞ்சு தேறும் விகிதம் கூடியிருக்கிறது, பறவைகளின் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. பருவநிலை மாற்றத்தால் ஒரு பறவைக்கு இதுவரை நன்மை என்று ஒப்புக்கொள்ளச் சிலருக்குக் கூச்சம். தரவு அப்படித்தான் இருக்கிறது. காற்று இன்னும் தெற்கே போனால் நிலைமை தலைகீழாகலாம் என்பதையும் அதே குழு சொல்லியிருக்கிறது.

இப்படித் தேறிய பறவைகளைக் கடலில் தூக்கிக்கொண்டு போவது லாங்லைன் தூண்டில். பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்முள், ஒவ்வொன்றிலும் இரைமீன். முள் மூழ்கும் முன் ஆல்பட்ராஸ் கவ்விவிட்டால் கயிறோடு ஆழத்துக்குப் போய் மூழ்கிச் சாகும். தடுப்பு முறைகள் மூன்று, மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும்: இரவில் கயிறு விடுவது, முள்ளுக்கு அருகே எடை கட்டுவது, கப்பலின் பின்னால் பட்டைகள் தொங்கும் விரட்டுக் கயிறு இழுப்பது. எடை முள்ளிலிருந்து ஒரு மீட்டருக்குள் குறைந்தது 60 கிராம் இருக்க வேண்டும். தள்ளிக் கட்டினால் முள் மெதுவாகத்தான் மூழ்கும். பெரிய கப்பலில் விரட்டுக் கயிறு கடல்மட்டத்துக்கு 8 மீட்டர் மேலே கட்டப்பட்டு, நூறு மீட்டர் தூரம் தண்ணீரில் படாமல் காற்றில் நிற்க வேண்டும். பக்கக்காற்று அடித்தால் கயிறு இரைக்கு நேர்மேலே நிற்காமல் ஒதுங்கிவிடும், முள் திறந்து கிடக்கும். பறவையும் அன்றுதான் அதிக வேகத்தோடு வரும். அதனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகக் கயிற்றைக் கட்ட வேண்டும். காற்றே அதை இரைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்திவிடும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கட்டுவது இன்னும் நல்லது.